எல்லைக் கல்லு நட்டுட்டாங்க, வேடர் ஆக்களுக்கு அரசியலமைப்புல ஏதாவது உரிமை இருக்கா?

வெருகல்பேத்தி

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிங்க. நான் இருக்கிறது திருகோணமலை டவுன்ல, ஆனா அம்மாட ஊர் வெருகல் பக்கம், அம்மப்பா இன்னும் அங்கதான், எண்பது தாண்டிட்டு அவருக்கு. அவங்க பரம்பரை வேடர். தமிழ்தான் கதைக்கிறாங்க, கோயில் குளமெல்லாம் மத்த ஆக்கள மாதிரித்தான், ஆனா முன்னோருக்குச் செய்யிற சடங்கு வேற, தேனுக்குக் காட்டுக்குப் போற முறை வேற, எந்த மரத்துல கை வைக்கலாம் எதுல கூடாது எண்டு அவங்களுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு.

ரெண்டு கிழமைக்கு முதல் காட்டோரம் வரிசையா எல்லைக் கல்லு நட்டுட்டுப் போயிருக்காங்க. அம்மப்பா முந்தி காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த துண்டு, தேன் எடுக்கிற மரங்கள், அம்மம்மாவ அடக்கம் பண்ணின இடத்துக்குப் போற ஒத்தையடிப் பாதை, எல்லாம் இப்ப கல்லுக்கு அங்கால. ஊர்ல ஆரிட்டயும் கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல.

அவரக் கூட்டிக்கொண்டு ஒரு ஆபீசுக்குப் போனன். இருந்தவர் சத்தம் போடல்ல, மரியாதையாத்தான் கேட்டார், காணி உறுதிப் பத்திரம் இருக்கா, இல்லாட்டி பர்மிட் இருக்கா எண்டு. ரெண்டும் இல்ல. நாங்க வேடர் ஆக்கள் சேர், பரம்பரையா இங்கதான் எண்டு நான் சொன்னன். அதுக்கு அவர், அது எந்தப் பேப்பர்ல தங்கச்சி இருக்கு எண்டு கேட்டார். அம்மப்பாட பிறப்புப் பத்திரமே 2006 சண்டையில மட்டக்களப்புப் பக்கம் ஓடக்குள்ள போயிட்டு. என்ட பத்திரத்துல இலங்கைத் தமிழர் எண்டுதான் கிடக்கு. அம்மப்பா ஒரு கதையும் கதைக்கல்ல. அந்த ஆபீசருக்குக் குடுக்க எண்டு ஒரு போத்தில் தேன் கொண்டுவந்திருந்தார், அத மேசையில வைக்காம மடியில வச்சிக்கிட்டே திரும்பி வந்தார். பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டுற வரைக்கும் வாய் திறக்கல்ல, பிறகு என்னப் பாத்து, "புள்ள, காட்டுக்கு ஆரு உறுதி எழுதினவன்?" எண்டு கேட்டார். என்னால பதில் சொல்ல முடியல்ல.

என்ட கேள்வி இதான். கனடா, நியூசிலாந்துல எல்லாம் பூர்வகுடிகளுக்கு அரசியலமைப்புல உரிமை இருக்கு, பழைய ஒப்பந்தம் இருக்கு, கோர்ட்டுல வெல்லுறாங்க எண்டு வாசிச்சிருக்கன். எங்கட நாட்டு அரசியலமைப்புல அப்படி ஏதாவது ஒரு வரி இருக்கா? எங்கட ஆக்களோட ஆராவது எப்பவாவது ஒப்பந்தம் செய்திருக்காங்களா? இல்லாட்டி இப்ப என்ன செய்யலாம்? தெரிஞ்ச ஆக்கள் உண்மையச் சொல்லுங்க, ஆறுதலுக்காகச் சொல்ல வேணாம்.

கொட்டியாரத்தான்

தங்கச்சி, மத்ததெல்லாம் பிறகு, முதல்ல தேதி. கல்லு நட்டு ரெண்டு கிழமை எண்டு எழுதியிருக்கிறீங்க. அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போறதெண்டா 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாசத்துக்குள்ள போகணும், அந்த ஒரு மாசம் தவறினதால நல்ல நல்ல வழக்கெல்லாம் வாசல்லயே நிண்டுபோயிருக்கு. கொழும்புக்கு உடன போக ஏலாட்டி மனித உரிமைகள் ஆணைக்குழுட திருகோணமலை ஆபீசுல அந்த ஒரு மாசத்துக்குள்ளயே எழுத்துல முறைப்பாடு குடுங்க, 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்துல ஆணைக்குழு விசாரிக்கிற காலம் அந்த ஒரு மாசக் கணக்குல சேராது எண்டு இருக்கு. ஆனா முறைப்பாட்டக் குடுத்துட்டு வீட்ட இருந்தா சரிவராது, விசாரணை உண்மையா நடக்குது எண்டு பிறகு காட்ட வேண்டிவரும், அதால விடாமப் போய்க் கேட்டு ஒவ்வொரு முறையும் கடிதம் வாங்கி வைங்க. சட்ட உதவி ஆணைக்குழு ஆக்களையும் இந்தக் கிழமையே பாருங்க. அதோட தகவல் அறியும் சட்டத்துல ஒரு விண்ணப்பம் போடுங்க, எந்தக் கெசட்டின்படி நட்டது, அளந்த படத்தோட பிரதி தாங்க எண்டு. 14 வேலை நாளுக்குள்ள தருவமா மாட்டமா எண்டு முடிவு சொல்லணும்.

இப்ப கேள்விக்கு வாறன். ஆறுதல் வேணாம் எண்டு சொன்னதால நேராச் சொல்லுறன், 1978 அரசியலமைப்புல பூர்வகுடி எண்டோ வேடர் எண்டோ உரிமை குடுத்து ஒரு உறுப்புரையும் இல்ல. கனடாவுல 1982 அரசியலமைப்புச் சட்டத்துல 35ஆவது பிரிவு இருக்கு, பூர்வகுடி மக்கள்ட இருக்கிற உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏத்து உறுதிப்படுத்துறம் எண்டு. அந்தச் சொல்ல நல்லாப் பாருங்க, குடுக்கிறம் எண்டு இல்ல, ஏற்கனவே இருக்கிறத ஏத்துக்கொள்ளுறம் எண்டுதான் இருக்கு. அவுஸ்திரேலியாவுல 1992ல மாபோ தீர்ப்பும் இதத்தான் சொன்னது, முடிக்குரிய அரசு வந்தோடன அந்தச் சனங்கள்ட நில உரிமை தானா அழிஞ்சு போகல்ல, அந்த உரிமை அவங்கட சொந்த வழமையில இருந்து வருது, அரசு எழுதிக்குடுத்த பேப்பர்ல இருந்து இல்ல எண்டு. உங்கட அம்மப்பா பஸ்ல கேட்டாரே ஒரு கேள்வி, அதே கேள்விக்குத்தான் அங்க நீதிபதிமார் இருந்து பதில் எழுதினவங்க.

எங்கட நாட்டுல நடந்தது நேர் எதிர். 1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். காடு, தரிசு, ஆள் இல்லாத நிலம், பயிர் செய்யாத நிலம் எல்லாம் வேற ஆள்ட எண்டு நிரூபிக்கிற வரைக்கும் முடிக்குச் சொந்தம். கண்டிப் பக்கம் சேனை நிலத்துக்குச் சன்னசு எண்ட அரசர் குடுத்த பத்திரம், கொடைப்பத்திரம் காட்டு எண்டான், எங்கட மாதிரிக் கரையோர மாவட்டத்துல சேனையையே காடும் தரிசும் எண்டு கணக்கெடுக்கச் சொன்னான். சேனை எண்டா ஒரு துண்ட வெட்டி ரெண்டு மூண்டு போகம் செய்துட்டு வளர விட்டுட்டு அடுத்த துண்டுக்குப் போறது, அது காட்ட அழியாம வச்சிருக்கிற வழி. அத ஆள் இல்லாத நிலம் எண்டு எழுதிட்டா காட்டுல வாழ்ந்தவன் ஒரே நாள்ல அத்துமீறிக் குடியேறினவன் ஆகிறான். எங்க பிழைச்சது எண்டு ஆரும் கேட்டா நான் இந்த 1840தான் சொல்லுவன். அதுக்கு மேல 1978 அரசியலமைப்பின்ட 16ஆம் உறுப்புரை, முந்தி இருந்த சட்டமெல்லாம் அடிப்படை உரிமைக்கு மாறா இருந்தாலும் செல்லும் எண்டு சொல்லுது, அதால பழைய சட்டத்தையே பிழை எண்டு தள்ளிவிடச் சொல்லிக் கேக்க ஏலாது, அத எப்படிப் பாவிச்சாங்க எண்டுதான் கேக்கலாம்.

ஒப்பந்தம் எண்டு கேட்டீங்க. வேடர் ஆக்களோட போர்த்துக்கீசனோ ஒல்லாந்தனோ வெள்ளைக்காரனோ நிலத்துக்கு ஒப்பந்தம் எழுதினதா நான் எங்கயும் காணல்ல, 1815 கண்டி உடன்படிக்கை பிரதானிமாரோட செய்தது, அது வேற கதை. ஒப்பந்தம் இருந்தாலும் அது தானா ஓடாது. நியூசிலாந்துல 1840ல அங்கத்தைப் பூர்வகுடி மாவோரி ஆக்களோட வைத்தாங்கி ஒப்பந்தம் எழுதினாங்க, நூறு வருஷம் கழிச்சு 1941லயும் லண்டன் பிரிவிக் கவுன்சில் எண்ட மேல்முறையீட்டு மன்றம், பாராளுமன்றம் சட்டமாக்காட்டி அத வச்சு வழக்காட ஏலாது எண்டுதான் சொன்னது. 1975ல சட்டம் போட்டு வைத்தாங்கி தீர்ப்பாயம் அமைச்ச பிறகுதான், அதுவும் 1985ல பழைய காலம் வரைக்கும் விசாரிக்கலாம் எண்டு திருத்தின பிறகுதான் கதவு திறந்தது.

எங்கட பக்கமும் அதே மாதிரித்தான். 2007 செப்டம்பர் 13ல ஐநாவுல பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு 144 நாடு ஆதரவா வாக்குப் போட்டது, அதுல இலங்கையும் ஒண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) பூர்வகுடிகளுக்காக எழுதின 169ஆவது சமவாயத்துல இலங்கை இன்னும் சேரல்ல, தெற்காசியாவுல நேபாளம் மட்டும்தான் சேந்திருக்கு. சிவில் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில 1980லயே சேந்திட்டு, அதுல 27ஆவது உறுப்புரை சிறுபான்மைச் சனம் தங்கட பண்பாட்டோட வாழுற உரிமை. ஆனா 2006 சிங்கராசா வழக்குல, உள்நாட்டுச் சட்டம் போடாட்டி அந்தச் சர்வதேச உரிமை இங்க செல்லாது எண்டு உயர் நீதிமன்றம் சொல்லிட்டு. அதால இதுகள வாதத்துக்குப் பலமா வைக்கலாம், தனிய அத மட்டும் நம்பிப் போகக் கூடாது. கையில பிடிக்கக் கூடியது 12ஆம் உறுப்புரை சமத்துவம், ஒரு சொல்லும் கேக்காமக் கல்லு நட்டது தன்னிச்சையான செயல் எண்டு வாதாட அங்க இடம் இருக்கு. பிறகு 14ஆம் உறுப்புரையில தன்ட பண்பாட்ட அனுபவிக்கிற உரிமையும், சட்டப்படியான தொழில் செய்யிற உரிமையும்.

மாவிலாத்தார்

நான் சொல்லுறது சில பேருக்குப் பிடிக்காம இருக்கும், பரவாயில்ல. கல்லு நடுறது தமிழ்க் கிராமம் முஸ்லிம் கிராமம் எண்டு எல்லா இடமும் நடக்குது, இந்த நேரத்துல நாங்க வேடர், நாங்க வேற எண்டு தனியாப் பிரிஞ்சு போனா எண்ணிக்கை குறையும், அதப் பாவிச்சுக்கொண்டு வேற வேலை பாக்கிறதுக்கு ஆக்கள் இருக்கு. ஒருக்கா பிரிச்சாப் பிறகு சேர்க்க ஏலாது. தங்கச்சிட அம்மப்பாவுக்கு நடந்தது அநியாயம்தான், அதத் தமிழர்ட காணிப் பிரச்சினையோட சேத்துக் கேட்டாத்தான் பலம் எண்டு நினைக்கிறன். எங்கட ஊரும் ஓடித் திரும்பி வந்த ஊர்தான், அந்தப் பயத்துலதான் சொல்லுறன்.

ஓய்வுபெற்ற டீச்சர், மூதூர்

மாவிலாத்தார் தம்பி, உங்கட பயம் எனக்கு விளங்குது. ஆனா நான் முப்பது வருஷம் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல படிப்பிச்சவள், எனக்குத் தெரிஞ்சத எழுதுறன். இடாப்புல பேர் எழுதக்குள்ள தாய்மார் வந்து காதுக்குள்ள சொல்லுவாங்க, டீச்சர் வேடர் எண்டு எங்கயும் எழுதிப்போடாதீங்க, புள்ளைகள் பகிடி பண்ணுதுகள் எண்டு. பகிடி பண்ணினது ஆரு? எங்கட புள்ளைகள்தான், தமிழ்ப் புள்ளைகள். ஒரு பொடியன் மதியம் சாப்பாட்டுப் பெட்டியத் திறக்காம மரத்துக்குப் பின்னால போய்ச் சாப்பிடுவான், என்ன எண்டு போய்ப் பாத்தா அவிச்ச காட்டுக்கிழங்கும் தேனும். அந்த நாள்ல நான் அவன வகுப்புக்குள்ள கூட்டிவந்து அந்தக் கிழங்கப் பத்திச் சொல்ல வச்சிருக்கணும், செய்யல்ல, அது இண்டைக்கும் நெஞ்சுல கிடக்கு. அப்ப சேர்ந்திருக்கச் சொல்லுற நாங்க சேர்த்து வச்சிருந்தமா?

தொகைமதிப்புல 1963 வரைக்கும் வேடர் எண்டு தனியா எண்ணினாங்க, பிறகு பல வருஷம் 'வேறு' எண்ட கூட்டுக்குள்ள போட்டுட்டாங்க, தமிழ் கதைக்கிற கரையோர வேடர் தமிழர் கணக்குக்குள்ள போயிட்டாங்க. தம்பானைப் பக்கம் சிங்களம் கதைக்கிற வேடர் சிங்களவர் கணக்குக்குள்ள. ரெண்டு பக்கமும் கரைஞ்சு போகிறது ஒரே சனம். 1911ல செலிக்மன் தம்பதி வேடரப் பத்தி எழுதின ஆராய்ச்சியிலயே கிழக்குக் கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் இருக்கு, அப்பவே தமிழ் கதைச்சுக்கொண்டு மீன்பிடிச்சுக்கொண்டு இருந்தவங்கதான். அதால எந்தப் பேப்பர்ல இருக்கு எண்டு கேட்டவருக்கு அது ஒரு பேப்பர், மகள். தமிழர்ட காணிப் பிரச்சினையையும் கேப்பம், இதையும் கேப்பம், ஒண்டு கேட்டா மத்தது குறையாது.

சம்பூரான், எடோபிகோக்

நான் சம்பூர் ஆள், இப்ப இருபது வருஷமா டொரண்டோவுல. கொட்டியாரத்தான் அண்ணன் எழுதின 35ஆவது பிரிவு சும்மா வந்ததில்ல எண்டு சொல்லத்தான் எழுதுறன். 1980 நவம்பர்ல வன்கூவர்ல இருந்து ஒட்டாவாவுக்குப் பூர்வகுடிச் சனம் ரெயில் பிடிச்சுப் போனது, கிழவன் கிழவி புள்ளைகுட்டி எல்லாரோடயும், எங்கள விட்டுட்டு அரசியலமைப்பு எழுத விடமாட்டம் எண்டு. அதுக்குப் பிறகும் 1981 நவம்பர்ல பிரதமரும் மாகாண முதல்வர்மாரும் கூடி அந்தப் பிரிவ அப்படியே வெட்டிப்போட்டாங்க, திரும்பவும் தெருவுல இறங்கினாப் பிறகுதான் 'இருக்கிற உரிமை' எண்ட சொல்லையும் சேத்துத் திருப்பி வச்சாங்க.

அடுத்தது மீன்காரங்களுக்கு விளங்கிற ஒரு வழக்கு சொல்லுறன். மஸ்க்கியம் எண்ட பூர்வகுடி இனத்தச் சேந்த ரொனால்ட் ஸ்பாரோ எண்டவர் 1984ல பிரேசர் ஆத்துல வலை போட்டார். லைசன்ஸ்ல 25 பாகம் (ஒரு பாகம் ஆறடி) நீள வலைதான், இவர்ட வலை 45 பாகம். பிடிச்சு வழக்குப் போட்டாங்க. அவர் வலை நீளம் பிழை இல்ல எண்டு வாதாடல்ல, எங்கட பாட்டன் பூட்டன் பிடிச்ச ஆறு, இந்த உரிமைய நீங்க எப்ப எடுத்தீங்க எண்டு கேட்டார். 1990ல கனடா உயர் நீதிமன்றம், சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினதால மட்டும் உரிமை அழிஞ்சுபோகாது, அரசு கை வைக்கிறதெண்டா காரணம் காட்டணும், மீன்வளத்தப் பாதுகாக்கிறது முதல், அதுக்கு அடுத்தது அந்தச் சனம் சாப்பாட்டுக்கும் சடங்குக்கும் பிடிக்கிறது, கம்பெனிக்காரனும் விளையாட்டுக்குப் பிடிக்கிறவனும் அதுக்குப் பிறகுதான் எண்டு சொன்னது. காட்டப் பாதுகாக்கத்தான் கல்லு எண்டு உங்களுக்குச் சொல்லுவாங்க தங்கச்சி, அதுக்குப் பதில் இந்த வரிசையிலதான் இருக்கு. பாதுகாப்பு முதல், சரி. அடுத்த இடம் ஆருக்கு எண்டு கேளுங்க.

இங்க எல்லாம் நல்லா நடக்குது எண்டும் நினைச்சுப்போடாதீங்க. 1999ல மார்ஷல் வழக்குல விலாங்கு பிடிச்சு வித்த மிக்மா பூர்வகுடி ஆளுக்கு 1760, 61 ஒப்பந்தத்தக் காட்டித்தான் வெற்றி, ஆனா 2020லயும் நோவா ஸ்கோஷியாவுல மிக்மா ஆக்கள்ட சிங்க இறால் வைக்கிற கட்டிடத்துக்கு நெருப்பு வச்சாங்க. நான் குடியிருக்கிற இந்த இடமே 1787ல டொரண்டோ பர்ச்சேஸ் எண்டு வாங்கினதாச் சொன்ன நிலம், அது சரியா வாங்கப்படல்ல எண்டு 2010ல தான் மிஸிஸாகா பூர்வகுடிச் சனத்துக்கு 145 மில்லியன் டொலர் குடுத்து முடிச்சாங்க. சொந்த ஊர்க் காணிய விட்டுட்டு ஓடிவந்தவன் இன்னொருத்தன்ட காணியில வீடு வாங்கியிருக்கிறன் எண்டு அதப் படிச்ச இரவு எனக்கு நித்திரை வரல்ல.

கொட்டியாரத்தான்

டீச்சர் எழுதினதப் பாத்தாப் பிறகு ஒண்டு சேக்கணும், சாட்சி பத்தினது. பேப்பர் இல்ல எண்டுதானே உங்களத் திருப்பி அனுப்பினாங்க. டெல்கமூக் எண்டு கனடாவுல ஒரு வழக்கு, கிட்சான், வெட்சுவெட்டென் சனம் போட்டது, விசாரணை மட்டும் 374 நாள். அவங்கட உறுதி எண்டது பரம்பரைக் கதையும் பாட்டும்தான். ஒரு கிழவி கோர்ட்டுல பாட்டுப் பாடி இதான் எங்கட நிலத்துப் பத்திரம் எண்டு காட்ட, முதல் நீதிபதி அதக் கேக்கவே விரும்பல்ல, 1991ல வழக்கத் தள்ளிட்டார். 1997ல உயர் நீதிமன்றம், அது பிழை, வாய்மொழி வரலாற்ற எழுத்துச் சாட்சிக்குச் சமமா வச்சுப் பாக்கணும் எண்டு சொல்லிட்டு. தூரம் வேணாம், பக்கத்துல இந்தியாவுல 2006 வன உரிமைச் சட்டத்துக்கு எழுதின விதிகள்ல என்னென்ன சாட்சி செல்லும் எண்டு எழுதியிருக்காங்க, அதுல ஊர்ப் பெரியவர் சொல்லுற வாக்குமூலம், கிணறு, அடக்கம் பண்ணின இடம், சாமி கும்பிடுற இடம் எல்லாம் வருது. 2013ல நியம்கிரி மலையில சுரங்கம் தோண்டலாமா எண்டு கிராமசபைகளக் கேக்கச் சொல்லி அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது, 12 கிராமசபையும் வேணாம் எண்டு சொல்லிட்டு, சுரங்கம் நிண்டுட்டு.

இங்க அந்தச் சட்டம் இல்ல, தெரியும். ஆனா ஆணைக்குழுவுக்குப் போனாலும் கோர்ட்டுக்குப் போனாலும் உங்களிட்ட கேக்கப்போறது எங்க, எவ்வளவு காலம், ஆரெல்லாம். அம்மப்பா இருக்கக்குள்ள அத எழுதி எடுங்க. அவரோட நடந்து போய், ஒவ்வொரு இடத்துலயும் அவர் சொல்லுற பேர், அங்க என்ன செய்தவங்க, போன்ல வீடியோ, அந்த இடத்துட ஜிபிஎஸ், ஊர்ல இன்னும் ரெண்டு வயசான ஆக்கள் அதையே சொல்லிக் கையெழுத்து இல்லாட்டிக் கைநாட்டு, அதச் சத்தியக்கடதாசியா ஒரு சமாதான நீதவானிட்ட முடியுங்க. கல்லுக்கு அங்கால போறதுக்கு முதல் கேட்டுட்டுப் போங்க, அத்துமீறல் எண்டு ஒரு வழக்கு உங்கட தலையில வந்திடக் கூடாது. போக விடாட்டி கல்லடியில நிண்டு கைகாட்டிச் சொன்னாலும் போதும்.

வெருகல்பேத்தி

எல்லாருக்கும் பெரிய நன்றி. மாவிலாத்தார் அண்ணா, உங்களோட எனக்குக் கோவம் இல்ல, ஆனா நான் எங்கயும் பிரிஞ்சு போகல்ல. என்ட அப்பா பக்கம் உப்புவெளி, அம்மா பக்கம் வேடர், ரெண்டும் நான்தான். ஒண்டச் சொன்னா மத்ததச் சொல்லக்கூடாது எண்டதுதான் எனக்கு விளங்கல்ல.

நேத்து முறைப்பாடு குடுத்தாச்சு, இலக்கம் போட்டுத் தந்தாங்க, படம் எடுத்து வச்சிருக்கன். சட்ட உதவி ஆக்கள் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. தகவல் விண்ணப்பமும் பதிவுத் தபால்ல போட்டாச்சு.

இண்டைக்கு விடிய வெருகலுக்கு வந்து அம்மப்பாவோட கல்லடிக்குப் போனன். அங்கால போக வேணாம் எண்டு சொன்னன், சரியெண்டு பக்கத்துலயே குந்திட்டார். போன நீட்டினதும் முதல் கொஞ்சம் வெக்கப்பட்டார், பிறகு கையக் காட்டிக்காட்டிச் சொல்லத் தொடங்கினார், அந்தப் பாலைமரம் அவர்ட அப்பா முதல்முதலாத் தேன் எடுத்தது, அதுக்குக் கிழக்கால உள்ள வீரை பஞ்ச காலத்துல ஊருக்கே பழம் குடுத்தது, அந்தப் பள்ளத்துல தண்ணி வத்தாது, அங்க செருப்போட போகக்கூடாது. ஒவ்வொண்டுக்கும் ஒரு பேர் இருக்கு, எனக்கு அதுல பாதிப் பேர் இண்டைக்குத்தான் தெரியும். நாப்பத்திமூண்டு நிமிஷம் கதைச்சிருக்கார். நடுவுல அவர்ட சித்தப்பா முறையான ஒருத்தரும் வந்து குந்திட்டார், அவருக்கு இன்னும் வயசு கூட, இல்ல இல்ல அது பாலை இல்ல அதுக்கு அடுத்தது எண்டு ரெண்டு பேருக்கும் வாக்குவாதம், அதையும் அழிக்காம வச்சிருக்கன். நாளைக்கு மிச்சம் சொல்லுறன் எண்டிருக்காங்க, அதுக்குள்ள போன சார்ஜ் போடணும், கரண்ட் இப்பதான் போனது.